"சாகணும்போல இருக்கு" என்று ஒரு மாணவர் சொன்னால்: அடுத்த ஒரு மணி நேரம்

#1 கரும்பலகை

ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரே பக்கத்தில் ஒரு வழிமுறைத்தாள் தயாரிக்கிறோம். மாணவர் மனநலம் பற்றிய சுற்றறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் "அக்கறையுடன் அணுகி, தகுந்த ஆலோசகரிடம் அனுப்பவும்" என்று முடிந்துவிடும். ஆலோசகர் லீவில் இருக்கும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஒரு பையன் வந்து நின்றால் எந்த வாக்கியத்தைச் சொல்வது, எங்கே உட்கார வைப்பது, யாருக்குப் போன் போடுவது என்று எதிலும் இருக்காது. எங்களுக்கு அதுதான் வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதைகள் வேண்டாம். இறந்த விதம் பற்றிய விவரங்களும் வேண்டாம். படிக்கிறவர்களில் யார் எந்த நிலையில் இருக்கிறார்களோ. அப்படி ஒருவர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருந்தால், மூடிவிட்டு முதலில் உங்கள் நாட்டு உதவி எண்ணையோ பக்கத்தில் இருக்கும் ஒருவரையோ கூப்பிடுங்கள். இழை எங்கேயும் போய்விடாது.

#2 இரவுப்பணி

கேள்வியிலிருந்து தொடங்குங்கள். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது அங்கேதான். "தப்பா ஏதும் யோசிக்கலையே?", "அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லைதானே?" இப்படித்தான் வாயில் வருகிறது. அந்த "-லையே"யும் "இல்லைதானே"யும் பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பவை. கேட்கிற ஆள் பயந்துபோயிருக்கிறார் என்று மாணவருக்கு உடனே புரிந்துவிடும். "இல்ல மிஸ்" என்று சொல்லி நம்மைக் காப்பாற்றிவிடுவார்.

இரண்டு வாக்கியம் போதும்: "தூக்கமும் இல்லாம, எதுலயும் மனசு ஒட்டாம இருக்கறப்ப சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?" முதல் வாக்கியம், இது உனக்கு மட்டும் வருவதில்லை என்று சொல்கிறது. இரண்டாவது நேராகக் கேட்கிறது. கேட்டபின் ஐந்தாறு விநாடி வாயைத் திறக்கக் கூடாது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "சும்மாதான் கேட்டேன்" என்று நாமே இழுத்து மூடிவிடுவது அடுத்த பெரிய தவறு.

"ஆமா" என்று வந்தால்: "சொன்னது நல்லதாப் போச்சு. நான் இங்கதான் இருக்கேன். இன்னும் ரெண்டு மூணு கேக்கறேன்." அவ்வளவுதான்.

"அப்பா அம்மா படற கஷ்டத்தை நினைச்சுப் பாத்தியா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் முன்வைத்த விளக்கப்படி, இந்த எண்ணத்தை ஊட்டும் இரண்டு முக்கிய உணர்வுகளில் ஒன்று "நான் எல்லாருக்கும் பாரம்" என்பது, மற்றது "எனக்கென்று யாரும் இல்லை" என்பது. ஏற்கெனவே தன்னைக் கடன்சுமையாகப் பார்க்கிறவனிடம் பெற்றோர் பட்ட பாட்டை நினைவூட்டினால், கணக்கில் இன்னும் நாலு வரி ஏறும்.

#3 நாலாம்_பெஞ்ச்

மேடம், நேராகக் கேட்பதில்தான் எனக்குத் தயக்கம். இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாக ஆகாதா? நாளைக்குப் பெற்றோர் வந்து "நீங்க கேட்டதாலதான்" என்றால்?

#4 குறிப்புச்சீட்டு

இந்தச் சந்தேகம் ஆராய்ந்து பார்க்கப்பட்டது. ஆய்வாளர் மேடலின் கூல்ட் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 6 உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளை முதல் நாளே கொடுத்தார்கள், மறுபாதிக்கு அடுத்து இரண்டாம் முறை எல்லோரையும் கேட்டபோது மட்டும். முதலிலேயே கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலும் கூடவில்லை, எண்ணமும் கூடவில்லை. மனச்சோர்வு அறிகுறி இருந்த மாணவர்களுக்கு உளைச்சல் சற்றுக் குறைவாகவே இருந்தது. பெற்றோர் கேட்டால் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

கேட்டபின் என்ன என்பதற்கு, தற்கொலை ஆபத்தை மதிப்பிட உதவும் கொலம்பியா அளவுகோலின் சுருக்க வடிவம் கையடக்கமானது, ஆறே கேள்வி. ஒன்று: தூங்கினால் எழுந்திருக்கவே கூடாது என்று தோன்றியதா. இரண்டு: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா. இரண்டாவதற்கு "இல்லை" என்றால் நேரே ஆறாவதுக்குப் போகலாம். "ஆம்" என்றால் மூன்று: எப்படி என்று யோசித்ததுண்டா. நான்கு: செய்துவிட வேண்டும் என்ற நோக்கம் கொஞ்சமாவது இருக்கிறதா. ஐந்து: திட்டம் போடத் தொடங்கி, அதை நிறைவேற்றும் எண்ணமும் இருக்கிறதா. ஆறு: முன்பு எப்போதாவது முயன்றதோ, அதற்கு ஆயத்தம் செய்ததோ உண்டா, உண்டென்றால் கடந்த 3 மாதத்துக்குள்ளா. முதல் ஐந்தும் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை.

நான்கு அல்லது ஐந்துக்கு "ஆம்", அல்லது ஆறாவது 3 மாதத்துக்குள் என்றால், அன்றைக்கே மருத்துவமனை. தனியாக ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. மூன்றாவதுக்கு மட்டும் "ஆம்" என்றாலோ, முயற்சி பழையது என்றாலோ, அன்றே மனநலப் பணியாளர் ஒருவர் பேசி முடிவெடுக்க வேண்டும். ஒன்று, இரண்டோடு நின்றால் உறுதியான தேதி போட்டு ஆலோசனை. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பது தேதி ஆகாது.

மூன்றாம் கேள்வியில் ஆசிரியர் விலாவாரியாகத் துருவ வேண்டியதில்லை. அந்தப் பொருள் இப்போது கையருகில் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். அதை அப்புறப்படுத்த மட்டும்தான் நமக்கு அந்தத் தகவல்.

#5 விடுதி_மணி

அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும். ஒருவர் கூடவே உட்கார, ஒருவர் போன் பேச. ஒரே ஆள் இரண்டையும் செய்யப் போனால், போன் பேச வராந்தாவுக்குப் போகிற நான்கு நிமிடம்தான் ஓட்டை. உட்கார வைக்கும் அறை தரைத்தளத்தில் இருக்கட்டும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம், முதல்வர் அறையும் வேண்டாம். அங்கே போனாலே தண்டனை என்று தோன்றும். தண்ணீர், சாப்பிட ஏதாவது. கழிவறைக்குப் போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும்; ஏன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சங்கடம் குறையும்.

பொதுவாக நடக்கும் மகா தவறு ஒன்று உண்டு: "பத்து நாள் லீவு எடுத்துக்கோ, வீட்டுக்குப் போயிட்டு வா" என்று பெட்டியைக் கட்டவைத்துத் தனியாக பஸ் ஏற்றிவிடுவது. நிர்வாகத்துக்குப் பிரச்சினை வளாகத்தைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். பையனுக்கு அது "உன்னை இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்ற செய்தி, கூடவே ஐந்தாறு மணி நேரத் தனிமை. யாராவது வந்து கையோடு அழைத்துப்போகும்வரை இடத்தைவிட்டு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் நான் மறைக்க முடியாது. யார்கிட்ட, எவ்வளவு சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்தே முடிவு பண்ணலாம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

#6 தேர்வறை

எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது: "நான் எந்தத் தவறான முடிவும் எடுக்க மாட்டேன்" என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடுவது. இதையும் தாளில் சேர்க்கலாமா?

#7 குறிப்புச்சீட்டு

வேண்டாம் சார். 1970-களிலிருந்து பல இடங்களில் புழங்கிய முறைதான், ஆனால் உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடைமுறையில் அது நிறுவனத்தின் கோப்பைக் காப்பாற்றும். கையெழுத்துப் போட்ட பையன், மறுபடி எண்ணம் வந்தால் சொல்லத் தயங்குவான். வாக்கை மீறியவன் ஆகிவிடுவானே.

அதன் இடத்தில் வைக்க வேண்டியது பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லி, கிரகரி பிரவுன் என்ற உளவியலாளர்கள் இருவரும் வகுத்தது. ஆறு படி, ஒரே தாள், மாணவரின் சொந்த வார்த்தையில், அவர் கையெழுத்திலேயே. சேர்ந்து உட்கார்ந்து எழுத 20 முதல் 45 நிமிடம் பிடிக்கும். அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களிடம் இந்தத் திட்டத்தோடு தொடர் அழைப்புகளும் சேர்த்துச் செய்து பார்த்த 2018 ஆய்வில், அடுத்த 6 மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் வழக்கமான கவனிப்பில் 5.29 சதவீதம், இதில் 3.03 சதவீதம். அழைப்புகளின் பங்கையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, தாளை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு மறந்தால் கிடைக்காது.

#8 இரவுப்பணி

குறிப்புச்சீட்டு சார் சொன்ன தாள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி. கற்பனை மாணவர்தான்.

என் எச்சரிக்கை அறிகுறி: ராத்திரி ஒரு மணிக்கு மேல முழிச்சுக்கிட்டு பழைய மார்க் லிஸ்டையே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது. "எப்படியும் எதுவும் மாறாது" என்று மனசுக்குள் ஓடுவது.
நானே செய்யக்கூடியது: லைட்டைப் போட்டு முகம் கழுவி, ஹெட்போனில் கிரிக்கெட் வர்ணனை கேட்பது. படம் வரைவது.
கவனம் திரும்ப யாரோடு, எங்கே: கேரம் ஆடும் ஹால். பக்கத்து அறையில் இருக்கும் இரண்டு பேர். இவர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை.
விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்: சித்தி (எண்). சீனியர் அண்ணன் (எண்).
தொழில்முறை உதவி: ஆலோசகர் (எண், நேரம்). இரவில் உதவி எண். அருகிலுள்ள அவசரப் பிரிவு.
சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்க: மருந்து டப்பா சித்தியிடம் இருக்கும், மூன்று நாளுக்கு ஆனதை மட்டும் தருவார்.

கவனியுங்கள், முதல் படியில் "மன அழுத்தம்" என்று எழுதினால் தாள் வீண். ராத்திரி ஒரு மணிக்கு "இதோ ஆரம்பிக்கிறது" என்று அவரே கண்டுபிடிக்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். இரண்டாம் படியில் "யோகா, தியானம்" என்று நாம் சொல்லி எழுதவைப்பதும் அப்படித்தான். "இதைச் செய்ய எது தடையா இருக்கும்?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் ஹாலைப் பூட்டிவிடுவார்கள் என்பது அப்போதுதான் வெளியே வரும். முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

#9 அரைடிக்கெட்

நான் ஆசிரியர் இல்லை, மாணவர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. ஃபிரெண்டு ஒருத்தர் நம்மிடம் மட்டும் சொல்லிவிட்டு, "யார்கிட்டயாவது சொன்னே, பேசவே மாட்டேன்" என்றால்?

#10 அலைவரிசை

சொல்லத்தான் வேண்டும் தம்பி (அல்லது தங்கச்சி). மறைவாகப் போய்ப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகாமல் இருக்க, முதலில் அவரிடமே: "இதை நான் ஒருத்தனா தாங்க முடியாது. உன்கூட வரேன், யார்கிட்ட போகலாம்னு நீ சொல்லு." அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஆள் "அதெல்லாம் சும்மா சொல்றான்" என்று தள்ளிவிட்டால் இரண்டாவது ஆள், அவரும் தள்ளினால் மூன்றாவது. நட்பு முறியலாம், பெரும்பாலும் ஒட்டிவிடும். ராத்திரி முழுக்க மெசேஜில் காவல் காப்பது உங்கள் வேலை ஆகக் கூடாது; நீங்கள் தூங்கிப்போன நேரத்துக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை.

#11 விடுதி_மணி

பெற்றோரிடம் பேசுவது பற்றி யாரும் எழுதவில்லை. "உங்க பையனைப் பத்திப் பேசணும், உடனே வாங்க" என்று போனில் வைத்தால் அவர்கள் வழியெல்லாம் பதறி, வந்த கையோடு அடிப்பார்கள் அல்லது அழுவார்கள். "பத்திரமா எங்ககூட இருக்கான். மனசு சரியில்லை, டாக்டரைப் பாக்கணும். நீங்க வந்தா அவனுக்குத் தெம்பா இருக்கும்" என்று சொல்லுங்கள். வந்ததும் மாணவரைச் சந்திக்கவிடுவதற்கு முன் பத்து நிமிடம் தனியாக. மூன்றே விஷயம்: வீட்டில் மருந்து, பூச்சிமருந்து எல்லாம் பூட்டிச் சாவி பெரியவர் ஒருவர் இடுப்பில் இருக்க வேண்டும், முதல் சில நாள் ராத்திரி தனியாகப் படுக்கவிடக் கூடாது, மருத்துவரைப் பார்க்கும் தேதி இது. நான்காவதாக ஒரு வேண்டுகோள்: இன்றைக்குப் படிப்பு, மார்க், பீஸ் பேச்சு வேண்டாம்.

எந்தப் பெற்றோருக்கு முதலில் சொல்வது என்று மாணவரைக் கேளுங்கள். காதல் விவகாரம் போன்றவற்றைக் காரணமாக நாம் போட்டு உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆபத்து என்ன, பாதுகாப்பு என்ன, அது போதும். வீட்டிலேயே வன்முறை என்றால் இந்த வழி முழுக்க மாறும். குழந்தைப் பாதுகாப்பு அமைப்பைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

#12 தேர்வறை

ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஒரு யோசனை. எல்லா மாணவருக்கும் வருடம் ஒருமுறை பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வை அளக்கும் படிவம் கொடுத்துவிட்டால் முன்கூட்டியே பிடித்துவிடலாமே?

#13 குறிப்புச்சீட்டு

செய்யலாம், ஆனால் படிவத்தை யார், எப்போது பிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொது வழக்கம். ஒன்பதாவது கேள்விதான் சாவைப் பற்றியது. மொத்தம் 6 வந்தாலும் அதில் 1 போட்டிருந்தால் அன்றைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டும். திங்கட்கிழமை 400 படிவம் வாங்கி, வியாழக்கிழமை எக்செலில் ஏற்றினால், எழுத்தில் உதவி கேட்ட ஒருவரை மூன்று நாள் காக்கவைத்ததாக அர்த்தம். ஒரு நாளில் எத்தனை பேரிடம் பேச ஆள் இருக்கிறதோ அத்தனை பேருக்கு மட்டும் அன்று படிவம் கொடுங்கள்.

நம்மை எல்லாம் கொஞ்சம் அடக்கிவைக்கும் ஆய்வு ஒன்றும் உண்டு. 10 ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள், 2015-இல் வெளியானது. ஆசிரியர்களுக்கு அடையாளம் காணும் பயிற்சி, படிவம் வைத்துச் சலித்தெடுப்பது, மாணவர்களுக்கே நேரடி வகுப்பு என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். 12 மாதம் கழித்து முயற்சிகளின் எண்ணிக்கையில் தெளிவான குறைவு தெரிந்தது மூன்றாவதில் மட்டும்: 0.70 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 1.51. நான்கு வாரத்தில் ஐந்து மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் மாணவர்களே நடித்துப் பார்க்கும் பயிற்சி. ஆசிரியர் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இந்த இழையே அதற்குத்தான். மாணவர்களை விட்டுவிட்டு ஆசிரியரை மட்டும் தயார் செய்தால் போதாது.

#14 நாலாம்_பெஞ்ச்

மாத்திரை ஆரம்பித்தால் ஆபத்து கூடும் என்கிறார்களே?

#15 குறிப்புச்சீட்டு

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு மருந்துகள் தருவது பற்றி எச்சரிக்கை போட்டது. 2007-இல் 24 வயது வரை நீட்டித்தது. சாரம் இதுதான்: தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் நெருங்கிக் கவனிக்க வேண்டும். படபடப்பு, தூக்கமின்மை, நிலைகொள்ளாமை புதிதாக வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தானாக மாத்திரையை நிறுத்துவது தனி ஆபத்து. நல்ல மாற்றம் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம் என்று முதல் நாளே சொல்லாவிட்டால், பத்தாம் நாள் "எனக்கு மருந்தும் வேலை செய்யலை" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

#16 தேர்வறை

நன்றி டாக்டர். என் பக்கத்து வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன், இது எந்தத் தாளிலும் இருக்காது. மாணவர் மருத்துவமனையிலோ வீட்டிலோ இருக்கும்போது அலுவலக மென்பொருள் அதுபாட்டுக்கு வேலை செய்யும். மூன்றாம் நாள் "உங்கள் மகன் வருகைப்பதிவு குறைவு" என்று அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி. ஏழாம் நாள் அபராதம். யாரும் அனுப்பவில்லை, ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் போன் பேசும் இரண்டாவது ஆள், அலுவலகத்தில் ஒருவரிடம் அந்தப் பதிவு எண்ணுக்குத் தானியங்கிச் செய்திகளை நிறுத்தச் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம்.

தேர்வு முடிவுகளை நள்ளிரவிலும் சனிக்கிழமை மாலையிலும் வெளியிடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். வேலைநாள் காலை பத்து மணிக்குப் போட்டால் பக்கத்தில் ஆள் இருக்கும், மறுதேர்வு விவரத்தையும் அதே பக்கத்திலேயே கொடுக்கலாம்.

#17 இரவுப்பணி

திரும்பி வருவதையும் தாளில் ஒரு வரியாவது சேருங்கள். மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும்தான் மிக ஆபத்தான காலம். எல்லோரும் "சரியாயிட்டான்" என்று கையைத் துடைத்துக்கொள்வதும் அப்போதுதான். வகுப்புக்கு வரும் முந்தின நாள் 15 நிமிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி: எந்தத் தேர்வுகள் தள்ளிப்போகின்றன (எழுத்தில்), நடுவில் முடியவில்லை என்றால் யாரிடம் சொல்லிவிட்டு எங்கே போய் உட்காரலாம், யாராவது "எங்கடா போயிருந்தே?" என்றால் என்ன சொல்வது. மூன்றாவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "உடம்பு சரியில்ல, இப்ப தேவலை" போதும்.

சின்னக் கடிதங்களின் பலனைக் குறைவாக எடைபோடாதீர்கள். ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், சிகிச்சையைத் தொடர மறுத்த நோயாளிகளில் ஒரு பகுதிக்கு ஐந்து ஆண்டில் 24 சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலம் விசாரிப்பு தவிர அதில் எதுவும் இல்லை. கடிதம் பெற்றவர்களில் முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை இறப்பு குறைவாக இருந்தது. "ஏன் வரலை" என்று கேட்காமல் "உன் நினைப்பு வந்துச்சு" என்று ஒரு வரி மெசேஜ் அனுப்ப எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

#18 கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. ஒரு மரணம் நடந்தேவிட்டால் என்ன செய்வது என்பதைத் தனித் தாளாக்குகிறோம். அதற்கு இரண்டு வரி மட்டும் யாராவது.

#19 அலைவரிசை

மைக்கில் அறிவிக்காதீர்கள், வகுப்பு வகுப்பாக, தெரிந்த ஆசிரியர், எழுதிவைத்த ஒரே வாசகத்தை வாசிக்கட்டும். விதம், இடம், கடிதம் எதுவும் அதில் வேண்டாம், ஒற்றைக் காரணமும் சொல்ல வேண்டாம். வியன்னாவில் 1987-இல் பத்திரிகைகள் இதே கட்டுப்பாட்டை ஏற்றபின் சுரங்க ரயில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. "விபரீத முடிவு", "விடைபெற்றார்" இரண்டும் வேண்டாம். முதலாவது குற்றம்சாட்டுகிறது, இரண்டாவது அழகுபடுத்துகிறது. "தற்கொலையால் இறந்தார்" போதும். விபத்தில் இறந்த மாணவருக்கு என்ன அஞ்சலியோ அதேதான் இவருக்கும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். அன்று மாலைக்குள் பெயர்ப்பட்டியல் ஒன்று: அறைத்தோழர்கள், கடைசியாகச் சண்டை போட்டவர், முன்பு முயன்றவர்கள், அதே பிரச்சினையில் இருப்பவர்கள். ஒவ்வொருவரிடமும் #2-இல் உள்ள அதே கேள்வி.

#20 விடுதி_மணி

தாளின் வரைவைப் பார்த்தேன், அச்சடிக்கும் முன் ஒரு திருத்தம். போன் எண் வரிசையில் "காப்பாளர்", "ஆலோசகர்" என்று பதவி மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஆள் மாறினால் எண்ணும் மாறிவிடும், தாள் சுவரில் அப்படியே இருக்கும். கீழே சரிபார்த்த தேதி என்று ஒரு கட்டம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் நிஜமாகவே அடித்துப் பாருங்கள். எடுக்காத எண்ணை அன்றைக்கே தாளிலிருந்து நீக்கிவிடுங்கள்.